டப்பா பாலிலிருந்து பசும்பாலுக்கு: முதலில் தட்டு, பிறகு டம்ளர்

நாளுக்கு 600 மில்லி பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்கு 400 கிராம் டப்பா நாலரை நாள்கூடத் தாங்காது. 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, கரண்டிக்குச் சுமார் நாலரை கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 90 கிராம் காலியாகிறது. அதனால்தான் முதல் பிறந்தநாள் நெருங்க நெருங்க வீட்டில் எல்லார் கண்ணும் காலண்டர் மேலேயே இருக்கும். கேக் வெட்டிய மறுநாள் காலையில் டப்பாவை மூடி மேல் தட்டில் ஏற்றிவிட்டு, பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்படி மாற்றும்போது எல்லாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பவுடர் பாலும் பசும்பாலும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலுமே 100 மில்லிக்கு 65 கலோரியை ஒட்டி வரும். ஆனால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பட்டியலில், கலக்கிய பால் 100 மில்லிக்குப் பெரும்பாலும் அரை மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கும். 600 மில்லிக்கு 3 முதல் 6 மில்லிகிராம். அதே 600 மில்லி பசும்பாலில் 0.3 மில்லிகிராம்கூட முழுசாகத் தேறாது. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் குடல் உறிஞ்சவிடாமல் மறிக்கும். ஆக, டப்பாவை மூடுகிற அன்றைக்கு அதுவரை டப்பா சுமந்த வேலையைத் தட்டு சுமக்கத் தயாராக இருக்க வேண்டும். தயாராக இல்லாத குழந்தைக்குப் பாலை மட்டும் மாற்றினால் இரண்டு மூன்று மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. எடைகூட ஏறும். பிறகுதான் வெளுத்த நகம், பசியின்மை, மண்ணைத் தின்பது என்று ஒவ்வொன்றாக வரும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) 6 மாதத்திலிருந்து 5 வயது வரையிலான தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நாடு முழுக்க எடுத்தால் 67 சதவீதம். இதற்குப் பால் மட்டுமே காரணமில்லை. ஆனால் சோறும் பாலுமாகவே இரண்டு வயதுவரை ஓட்டுகிற வழக்கத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ஒரு வயது என்ற எல்லை எதற்கு? முதல் காரணம் மேலே சொன்ன இரும்பு. இரண்டாவது, ஒரு வயதுக்குள் அதிகமாகப் பசும்பால் குடிக்கிற சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவு ஏற்படுகிறது. இருக்கிற இரும்பும் அந்த வழியாகப் போய்விடும். மூன்றாவது, பசும்பாலில் 100 மில்லிக்கு மூன்றே கால் கிராமை ஒட்டிப் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் ஒரு கிராம்தான், பவுடர் பாலில் ஒன்றரைக்குள். உப்புகளும் பசும்பாலில் அதிகம். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடலில் தண்ணீர் குறைகிற நேரத்தில் இத்தனையையும் கழித்து வெளியேற்றுவது சின்னச் சிறுநீரகத்துக்குக் கடினம்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாய்ப்பால் இல்லாத 6 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பவுடர் பால், விலங்குப் பால் இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்கிறது. இதைப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. டப்பா வாங்கக் கட்டுப்படியாகாத வீட்டில் பவுடரைத் தண்ணீராகக் கரைத்து நீட்டிப்பதைவிட, ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாகக் காய்ச்சிய, தண்ணீர் சேர்க்காத பாலும் அதோடு இரும்புச் சொட்டு மருந்தும் எவ்வளவோ மேல். கட்டுப்படியாகிற வீட்டில் ஒரு வயதுவரை காத்திருப்பதே நல்லது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். சமையலில் சேர்கிற பால், இரண்டு ஸ்பூன் தயிர், கொஞ்சம் பனீர் இவற்றுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. எட்டு மாதக் குழந்தை தாராளமாகத் தயிர்சாதம் சாப்பிடலாம். தாய்ப்பாலும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் அதை இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தொடரலாம். டப்பா பாலை நிறுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே வேலை ஆறு மாதம் முடிந்ததும், தட்டிலிருந்து தொடங்குகிறது.

முதல் இரண்டு வாரம் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி. எட்டாம் மாதம் முடிவதற்குள் வேளைக்கு அரைக் கிண்ணம் (250 மில்லி கிண்ணத்தில் பாதி), இரண்டு மூன்று வேளை. ஒன்பது முதல் பதினொன்றாம் மாதம் வரை அதே அரைக் கிண்ணம் மூன்று நான்கு வேளை, நடுவில் ஒரு பழம். ஒரு வயதில் முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம். இது சராசரி. ஒரு வேளை தட்டைத் தள்ளிவிட்டு அடுத்த வேளை இரண்டு மடங்கு சாப்பிடுகிற குழந்தையும் சரியான குழந்தைதான்.

அளவைவிடத் தடிமன் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் உணவு தண்ணீராக ஓடக்கூடாது. மெதுவாக வழுக்கி, கொத்தாக விழ வேண்டும். எட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது 240 மில்லியை ஒட்டித்தான். அதில் அரிசிக் கஞ்சித் தண்ணியையும் பருப்புத் தண்ணியையும் ஊற்றி நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது. "பருப்புத் தண்ணி குடுத்தேன்" என்று சொல்லும் வீட்டில் பருப்பு யார் தட்டில் விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். புரதமும் இரும்பும் அடியில் தங்கிய அந்தப் பருப்பில்தான் இருக்கின்றன. மசித்துப் பருப்பையே கொடுங்கள். ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரி கொடுத்து, அளவைக் கூட்டாமலே சாப்பாட்டைக் கனமாக்கும்.

கேழ்வரகுக் கூழில் வருகிற தொல்லை வேறு மாதிரி. மாவு வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு களியாகிவிடும். குழந்தை விழுங்க வேண்டுமே என்று இன்னும் தண்ணீர் விடுவார்கள், கடைசியில் கிண்ணம் நிறையத் தண்ணீர்தான் மிஞ்சும். முளைகட்டிய மாவு இதற்குத் தீர்வு. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி எட்டு முதல் பத்து மணிநேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒரு நாளிலும் மழைக்காலத்தில் ஒன்றரை நாளிலும் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். புளித்த வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்து, மெல்லிய துணியிலோ நைஸ் சல்லடையிலோ சலிக்க வேண்டும். முளைக்கும்போது உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்குகிறது. கருக வறுத்தால் நொதி செத்துவிடும், அதனால்தான் லேசாக என்றேன். சாதாரண மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது முளைமாவு அரைத் தேக்கரண்டி தூவிக் கிளறிப் பாருங்கள். சில நிமிடத்தில் கூழ் தானாகவே தளர்ந்துவிடும். அதை மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கினால் போதும். முளைகட்டுவதால், தானியத்தில் இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைந்து இரும்பும் கொஞ்சம் எளிதாகச் சேரும். சாதாரண அளவு: இரண்டு மேசைக்கரண்டி மாவு, 200 மில்லி குளிர்ந்த தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம்.

சத்துமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது தானியம் போட்டது என்று பெருமையாக விற்கிறார்கள். முப்பது பொருளில் எது ஒவ்வாமல் தடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிலக்கடலையும் முந்திரியும் பாதாமும் சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்குவாடையும் அடித்துவிடும். கேழ்வரகு இரண்டு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, பொட்டுக்கடலை அரைப் பங்கு. முதல் மாதங்களுக்கு இவ்வளவு போதும். கொட்டை வகைகளைத் தனித்தனியாகக் கொடுத்துப் பழக்கிய பிறகு சேர்க்கலாம். அங்கன்வாடியில் 6 மாதம் முதல் கொடுக்கிற இணைஉணவு மாவை வாங்கி வைத்துவிட்டுக் கடைசியில் மாட்டுக்குக் கரைக்கிற வீடுகள் இருக்கின்றன. வேண்டாத வேலை. அதில் வெல்லம் சேர்ந்திருக்கும் என்பதால் கூழில் தனியாக இனிப்பு போடாமல் இருந்தால் சரி.

ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு என்று பெயர் மாறினாலும் சர்க்கரை சர்க்கரைதான். தேன் அறவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் இதில் அடக்கம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குள் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். முட்டையையும் நிலக்கடலையையும் ஒரு வயதுக்கு மேல் என்று தள்ளிப்போடுவது பழைய ஆலோசனை. 2015-இல் வெளியான லீப் ஆய்வு, ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே நிலக்கடலை கொடுத்துவந்ததில் அந்த ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. முழுக் கடலை ஐந்து வயதுவரை கூடாது. வறுத்துப் பொடித்து, கூழில் கால் தேக்கரண்டியில் தொடங்கலாம். கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவில் தடித்த குழந்தைக்கும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு. முட்டை முழுக்க வெந்திருக்க வேண்டும். முதல் நாள் கால் மஞ்சள் கரு, மூன்று நாள் பார்த்து வெள்ளைக் கரு. புதிதாக எதையும் காலையில் கொடுங்கள். இரவில் கொடுத்துவிட்டுத் தூங்கினால் தடிப்பு வந்தது தெரியாது.

மிக்ஸி இந்த வயதில் ஓரளவுக்குத்தான் உதவும். ஆறாம் மாதம் மசியல், எட்டாம் மாதத்தில் சிறு கட்டிகள், கையில் பிடித்துத் தின்ன இட்லித் துண்டு, வெந்த கேரட் விரல். பத்து மாதம் தாண்டியும் கட்டி பழகாத குழந்தைக்குப் பிறகு பழக்குவது சிரமம். ஒன்றரை வயதிலும் சாதத்தை மிக்ஸியில் அடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. குமட்டினால் பயந்து மறுபடி மிக்ஸிக்குப் போகாதீர்கள். குமட்டும் குழந்தைக்கு முகம் சிவக்கும், சத்தம் வரும், உணவைத் தானே முன்னால் தள்ளிவிடும். புரையேறி அடைத்த குழந்தைக்குச் சத்தமே வராது. அப்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் குப்புற முன்கையில் தாங்கி, தலை தாழ்வாக இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. போகாவிட்டால் திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி, கூடவே யாராவது 108-ஐ அழைக்க வேண்டும். முழுத் திராட்சை, கடலை, பச்சைக் கேரட், பாப்கார்ன் தட்டுக்கே வரக்கூடாது.

சரி, பதினோரு மாதம் முடிகிறது. பால் மாற்றத் தட்டு தயாரா? மூன்று வேளை அரைக் கிண்ணத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். கட்டியை மென்று விழுங்க வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி, கீரை இவற்றில் குறைந்தது இரண்டு வகை நாள்தோறும் உள்ளே போக வேண்டும். மூன்றும் இருந்தால் ஒரு வயதில் மாற்றலாம். இல்லையென்றால் பிறந்தநாளுக்காக அவசரப்படத் தேவையில்லை. ஒரு மாதம் டப்பா தொடரட்டும், ஆனால் அளவு குறையட்டும். 800, 900 மில்லி பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பசியே எடுக்காது. சாப்பிடவில்லையே என்று இன்னும் பால் கொடுப்பார்கள், பால் குடித்ததால் இன்னும் சாப்பிடாது. சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணிநேரம் பால் கிடையாது என்று வைத்தாலே பாதிக் குழந்தைகள் ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும்.

எந்தப் பால் வாங்குவது? பாக்கெட்டின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பின்னால் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், இருமுறை சமன்படுத்தியதில் 1.5, நிலைப்படுத்தியதில் 4.5, நிறை கொழுப்பில் 6. ஆவினில் நீலம் 3 சதவீதம், ஆரஞ்சு 6. இரண்டு வயதுவரை மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு வேண்டும் என்பதால் 3.5 முதல் 4.5 வரை உள்ளதே தோது. 6 சதவீதம் கெடுதல் இல்லை, ஆனால் சீக்கிரம் வயிறு நிறைந்து சாப்பாட்டைக் கெடுக்கும். எருமைப் பாலிலும் கொழுப்பு 6, 7 என்று இருப்பதால் அதே பேச்சுதான். இருமுறை சமன்படுத்தியது வேண்டவே வேண்டாம். 3 சதவீதப் பாலைக் காய்ச்சி ஏட்டையும் எடுத்துவிட்டால் அதுவும் அந்தக் கதிக்கு வந்துவிடும். ஏடு தொண்டையில் சிக்குகிறது என்றால் எடுத்து எறியாமல் பருப்பு சாதத்தில் மசித்துவிடுங்கள்.

கறந்த பாலைப் பச்சையாகக் கொடுப்பது ஆபத்து. புருசெல்லா, காசநோய்க் கிருமிகள் பாலில் வரும். பொங்கி வரும்வரை காய்ச்ச வேண்டும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்ததுதான், ஆனால் கடை வாசலில் டிரேயில் வெயில் காய்ந்த பாக்கெட்டை நம்ப முடியாது. ஒரு முறை காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் சூடாக்குங்கள். நாள் முழுக்க அடுப்பில் ஏற்றி இறக்கினால் பால் சுண்டி மலச்சிக்கலைக் கூட்டும். ஒரே மாட்டுப் பால்தான் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பல மாட்டுப் பால் கலந்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டுப் பாலில் ஃபோலேட் என்ற வைட்டமின் மிகக் குறைவு, பசும்பால் ஒவ்வாத குழந்தைக்குப் பெரும்பாலும் ஆட்டுப் பாலும் ஒவ்வாது. தெருவில் சங்கு ஐம்பது, நூறு என்று கூவி விற்கிற கழுதைப் பாலைக் காய்ச்சாமல் புகட்டுவதால் கிருமிதான் மிச்சம்.

ஒரு வயதுக்கு மேல் பாலில் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் 200 மில்லி குடித்தும் 100 மில்லியின் சத்துதான் கிடைக்கும், வயிறு மட்டும் நிறைந்துவிடும்.

மாற்றும் முறை இதுதான். ஒரு வயதில் 150 மில்லி நாலு வேளை குடிக்கிற குழந்தை என்று வைத்துக்கொள்வோம். மாலை நாலு மணிப் பாலை முதலில் மாற்றுங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் விழித்திருக்கும் நேரத்தில் தெரியும். மூன்று நாள் பார்த்துக் காலைப் பால், இன்னும் மூன்று நாளில் படுக்குமுன் கொடுக்கும் பால். நடுராத்திரிப் பாலை மாற்றவே வேண்டாம், அதை நிறுத்திவிட வேண்டும். முடிவில் 150 மில்லி மூன்று வேளை, மொத்தம் 450. தயிரையும் சேர்த்து நாளுக்கு 500 மில்லிதான் உச்சவரம்பு.

பவுடர் பால் பசும்பாலைவிட இனிப்பு. அதில் 100 மில்லிக்கு ஏழு கிராமை ஒட்டிச் சர்க்கரைச் சத்து, பசும்பாலில் ஐந்துக்குக் கீழே. அதனால் சில குழந்தைகள் முதல் மடக்கிலேயே துப்பும். உடனே சர்க்கரைக்குக் கை போகும். போகாமல், டப்பாவில் சொன்ன அளவுப்படி தண்ணீரில் கலக்கிய பவுடர் பால் 100 மில்லியோடு காய்ச்சிய பசும்பால் 50 மில்லி சேர்த்துக் கொடுங்கள். மூன்று நாள் கழித்து 75க்கு 75, பிறகு 50க்கு 100. இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது: மிச்சமிருக்கும் பவுடர் வீணாகக்கூடாது என்று காய்ச்சிய பசும்பாலிலேயே பவுடரைப் போட்டுக் கலக்குவது. புரதமும் உப்பும் இரட்டிப்பாகி, மலம் கல்லாகும், சிறுநீரகத்துக்குப் பளு, வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றும். பவுடருக்குத் தண்ணீர்தான். கலக்கியது ஒரு மணிநேரத்துக்குள் குடிக்காவிட்டால் கீழே கொட்ட வேண்டும், பசும்பால் கலந்ததையும் அப்படியே.

முதல் வாரத்தில் மலம் கெட்டியாவதும் நிறம் வெளிறுவதும் சாதாரணம். முக்கினால், பால் 400 மில்லிக்குக் கீழே இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டோடு சின்ன டம்ளரில் நாலைந்து முறை தண்ணீர், பப்பாளியோ கொய்யாவோ (விதை நீக்கி), ஊறவைத்து மசித்த உலர்திராட்சை. வாழைப்பழத்தில் நன்கு கனிந்ததையே கொடுங்கள், செங்காய் மலத்தை இறுக்கும். மலத்தில் ரத்தம், உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொடர்ந்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் நேரே அவசரப் பிரிவு. ஏற்கெனவே ஒவ்வாமைக்கான சிறப்புப் பவுடரில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் வீட்டில் முயலக்கூடாது. வயிற்றுப்போக்கு வந்து ஓய்ந்த வாரத்திலும் மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

பால் மாறுகிறபோதே புட்டியையும் மாற்றிவிட்டால் ஒரே அழுகையில் இரண்டு வேலை முடியும். ஆறாம் மாதத்திலிருந்தே சின்ன எவர்சில்வர் டம்ளரில் பத்து இருபது மில்லி தண்ணீர் பழக்கியிருந்தால் ஒரு வயதில் டம்ளரில் பால் பெரிய விஷயமில்லை. பசும்பாலை முதல் நாளிலிருந்தே டம்ளரில் மட்டும் கொடுங்கள், புட்டியில் டப்பா பால் மட்டும். டப்பா தீர்கிறபோது புட்டியும் தானே போய்விடும். இரவுப் பாலை நிறுத்த, இரண்டு இரவுக்கு ஒரு முறை 30 மில்லி குறைத்து வாருங்கள்: 150, 120, 90, 60. அதன் பிறகு தண்ணீர். இரண்டு இரவு வீடே தூங்காது. பால் வாயில் ஊறத் தூங்கும் பழக்கத்தால் முன்பற்கள் பழுப்பேறிச் சொத்தையாவதை ஒப்பிட்டால் இரண்டு இரவு பெரிதில்லை.

3, 4 என்று எண் போட்ட டப்பாக்கள் ஒரு வயதுக்கு மேல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அவை தேவையில்லை என்கிறது. இரண்டு வயதுவரையிலான பால்மாவு, குழந்தை உணவு விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, ஆனாலும் மருந்துக்கடை அலமாரியில் அவை கண் மட்டத்தில்தான் இருக்கும். சாக்லேட் நிறச் சத்துபானப் பொடியில் முக்கால்வாசி வேலை சர்க்கரையுடையது. பாலில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்தால் ஒரு வேளை சாப்பாடு கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டீ, காபித் தண்ணி கூடாது, இருக்கிற இரும்பையும் அது பிடித்துக்கொள்ளும்.

மாறிய பிறகு ஒரு நாள் எப்படி இருக்கும்? ஏழு மணிக்குப் பால், ஒன்பதுக்கு முட்டை சேர்த்த தோசையோ இட்லியும் சாம்பாரில் வெந்த பருப்புமோ, பதினொன்றுக்குப் பழம், ஒன்றுக்குப் பருப்பு சாதம், முருங்கைக்கீரை, நெய், சில துளி எலுமிச்சை. நாலுக்குப் பால், ஆறுக்குக் கேழ்வரகு, ஏழரைக்குக் கிச்சடியோ மீன் சேர்த்த சாதமோ, படுக்குமுன் பால், அதன்பின் பல் துலக்கல். எலுமிச்சை ருசிக்காக மட்டும் இல்லை. செடி உணவில் உள்ள இரும்பை வைட்டமின் சி கூடச் சேர்க்கும், பால் குறைக்கும். அதனால்தான் பாலையும் சாப்பாட்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

இந்தத் தட்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிராம் கேழ்வரகில் 0.9 மில்லிகிராம் இரும்பு, 20 கிராம் பருப்பில் 0.8, ஒரு முட்டையில் 0.9, கீரையில் அரை, அரிசியில் ஒரு துளி. மொத்தம் மூன்றைச் சற்றுத் தாண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு நாளுக்கு 8 மில்லிகிராம். நன்றாகச் சாப்பிடுகிற குழந்தையே இவ்வளவுதான் எட்டும். வாரம் ஒரு நாள் கோழி ஈரல் இரண்டு மேசைக்கரண்டி நன்கு வேகவைத்துக் கொடுத்தால் அன்றைக்கு மூன்று மில்லிகிராமை ஒட்டிக் கூடும். அதற்கு மேல் போனால் வைட்டமின் ஏ அதிகமாகிவிடும். மிச்சப் பள்ளத்தை நிரப்புவது அரசு கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில சிரப்தான். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி, ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம் இரும்பு. வாரத்துக்கு 40, நாள் சராசரி ஐந்தே முக்காலை ஒட்டி. இதைச் சேர்த்தால் கணக்கு நேராகிறது.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசிக்கும் வைட்டமின் ஏ சொட்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போதே செவிலியரிடம் இந்த சிரப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பாலோடு கொடுக்காமல், சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்து, நாக்கின் பின்பக்கமாக விட வேண்டும், இல்லையேல் பல்லில் கறை பிடிக்கும். மலம் கறுப்பாக வரும், அது ரத்தம் இல்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில் தள்ளி வைக்கலாம். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்பு மருந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், தலசீமியா உள்ள குழந்தைக்கும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வயதுக்குப் பிறகு எடை ஏறுவது மெதுவாகும். ஆண்டு முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான். அதனால் மாதாமாதம் அரைக் கிலோ ஏறவில்லை என்று மறுபடி டப்பாவைத் திறக்கத் தேவையில்லை. அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்தால் காட்ட வேண்டும். பால் மாற்றிய இரண்டு மூன்று மாதத்தில், அதாவது பதினைந்தாவது மாதத்தை ஒட்டி, ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. 11-க்குக் கீழே இருந்தால் சிரப்பின் அளவும் முறையும் மாறும், அதை மருத்துவர் எழுதித் தருவார். பாலை 300 மில்லிக்கு இறக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த ஒன்றைச் செய்த வாரத்திலேயே பசி திரும்பிவிடும்.